யாரிடம் சொல்வது? நாட்டு மருந்தும் எழுதப்படாத விளைவுகளும்

2023 ஏப்ரலில் நுவரெலியா வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை பாதிக்கப்பட்டது. கண்ணில் விடக் கொடுத்த, இந்தியாவில் தயாரான துளிமருந்தின் மீது சந்தேகம் விழுந்தது. மருந்து பாவனையிலிருந்து விலக்கப்பட்டது. தயாரித்த நிறுவனத்தை இந்திய அதிகாரிகளும் விசாரித்தார்கள். அதே ஆண்டின் பிற்பகுதியில் தரமற்ற இம்யூனோகுளோபுலின் ஊசி விவகாரம் வெடித்தது. சுகாதார அமைச்சராக இருந்த கெஹலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைதாகும் வரை அது போனது.

இரண்டையும் நாங்கள் ஊழல் கதைகளாக வாசித்தோம். அவை ஊழல் கதைகள்தான். ஆனால் அவை வெளியே வந்த வழியையும் கவனிக்க வேண்டும். நோயாளிக்கு ஏதோ பிழைத்தது. விடுதியில் இருந்த ஒருவர் அதைக் கண்டு எழுதினார். எழுதியது மேலே போனது. தாமதமும் மூடிமறைப்பும் நடந்தன என்றாலும், எழுதுவதற்கு ஒரு படிவமும் அதை வாங்குவதற்கு ஓர் அலுவலகமும் இருந்தன.

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு அலுமாரியைத் திறந்தால் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளுக்குப் பக்கத்தில் வேறு சிலதும் இருக்கும். லேபல் ஒட்டாத எண்ணெய்ப் போத்தல், பத்திரிகைத் தாளில் மடித்த தூள், திருவிழாக் கடையில் வாங்கிய லேகியம், இந்தியாவுக்குப் போய்வந்தவர் கொண்டுவந்த சூரணம், கனடாவிலிருந்து பார்சலில் வந்த ‘இயற்கை’ வில்லைகள். இவற்றில் ஒன்று பிழைத்தால் யார் எழுதுவது, எங்கே எழுதுவது? சில மாதங்களாக இந்தக் கேள்வியைப் பரியாரியார்களிடமும், அரச சித்த வைத்தியர்களிடமும், இங்கிலிஸ் வைத்தியம் செய்யும் டொக்டர்மாரிடமும் கேட்டுத் திரிந்தேன். நான் பேசியவர்களில் ஒருவர்கூட, நாட்டு மருந்தால் வந்த விளைவு என்று எந்தப் படிவத்தையும் ஒருநாளும் நிரப்பியதில்லை.

தென்மராட்சியில் ஓர் அம்மாவைச் சந்தித்தேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அறுபது வயது தாண்டிவிட்டது. சீனி வருத்தமும் பிரசரும் உண்டு. 2009இல் பட்ட ஷெல் துண்டு ஒன்று முழங்காலுக்கு மேலே இன்னும் இருக்கிறது. எடுத்தால் நரம்பு போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். மாரி தொடங்கினால் வலி தாங்க முடியாது. கிளினிக்கில் தரும் குளிசை வயிற்றை எரிக்கிறது. உறவினர் ஒருவர் மூட்டு வலிக்கென்று ஒரு தூள் வாங்கிக் கொடுத்தார். “முழுக்க முழுக்க மூலிகை” என்று பைக்கற்றில் இருந்ததாம். ஒரு கிழமையில் வலி பறந்தது. பல வருடங்களுக்குப் பிறகு கோயில் வீதியைத் தனியே சுற்றிவந்தார். நாலு மாதம் விடாமல் குடித்தார். முகம் ஊதியது. ‘உடம்பு வைச்சிருக்கு’ என்று ஊரில் சந்தோசப்பட்டார்கள். சீனி மட்டும் எந்தக் குளிசைக்கும் இறங்கவில்லை. தூள் முடிந்து, அடுத்த பைக்கற் கிடைக்காத இரண்டாவது கிழமையில் மயங்கி விழுந்தார்.

அரச வைத்தியசாலை ஒன்றில் எட்டு நாள் இருந்தார். தூளைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“சொன்னால் பேசுவினம் பிள்ளை. அதுதான் சொல்லேல்லை.”

பைக்கற்றை எறிந்துவிட்டார்கள், தூளைப் பரிசோதிக்க இனி வழியில்லை. ஆனால் அவர் சொன்ன வரிசை, அதாவது சடுதியான சுகம், ஊதிய முகம், ஏறிய சீனி, நிறுத்தியதும் விழுந்தது, மருத்துவ உலகம் நன்றாக அறிந்த ஒன்று. வலித் தூளுக்குள் ஸ்ரீரொயிட் மருந்தை இரகசியமாகக் கலந்தால் இப்படித்தான் நடக்கும். மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்ரீரொயிட் கிடைத்தால், உடம்பு தானாகச் சுரக்கும் அதே வகைச் சுரப்பைக் குறைத்துவிடும். பிறகு திடீரென்று நிறுத்தும்போது உடம்பிடம் கையிருப்பு இருக்காது. 2022இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ‘ஆர்த்ரி கிங்’ என்ற பெயரில் விற்ற மூட்டுவலி மாத்திரைகள் பற்றித் திரும்பத் திரும்ப எச்சரித்தது. மூலிகைச் சத்து என்று விற்ற அந்த மாத்திரைகளில் டைக்குளோபினாக்கும் டெக்சாமெதசோனும் இருந்தன. லேபலில் இரண்டும் இல்லை. அங்கே அது பிடிபட்டது, அதைக் குடித்தவர்களுக்கு வந்த பாதிப்புகள் பற்றிய முறைப்பாடுகள் ஓர் இடத்தில் சேர்ந்ததால்தான்.

இந்த மாதிரிக் கலப்படத்தைச் சித்த மருத்துவத்தின் தலையில் கட்டுவது அநியாயம். அது சித்த மருத்துவமே அல்ல, அதன் வேடம் போட்ட இங்கிலிஸ் மருந்து. முறையாகப் படித்த ஒரு சித்த வைத்தியரை இதைவிட எதுவும் கோபப்படுத்தாது. ஆனால் அவருக்கும் அந்தத் தூளுக்கும் உள்ள வித்தியாசத்தை நோயாளிக்குக் காட்ட எங்களிடம் என்ன இருக்கிறது?

திரும்பி வராதவர்கள்

வலிகாமத்தில் பரம்பரையாக வைத்தியம் செய்யும் ஒரு பரியாரியாரிடம், மருந்து பிழைத்ததை எப்படி அறிவீர்கள் என்று கேட்டேன். பிழைத்தால் திரும்பி வருவார்கள், வராவிட்டால் சுகம் என்று எடுத்துக்கொள்வோம் என்றார். நேர்மையான பதில். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அனுபவம் இப்படித்தான் சேர்ந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் கொப்பளிக்கும் என்பதையும், அதைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்கக் கூடாது என்பதையும் எந்த ஆய்வுகூடமும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. குடித்த அன்றே வாந்தி, அடுத்த நாள் கழிச்சல், மூன்றாம் நாள் தோலில் தடிப்பு என்று உடனே காட்டும் தீங்கைக் காண அனுபவம் போதும்.

மெதுவாக வரும் தீங்கு வேறு. குடித்துப் பல மாதங்கள், வருடங்கள் கழித்துச் சிறுநீரகம் சுருங்கினால் அந்த நோயாளி பரியாரியாரிடம் திரும்பி வருவதில்லை, பெரியாஸ்பத்திரிக்குப் போவார். அங்கே நோயைக் காண்பார்கள், மருந்தைக் காண மாட்டார்கள். இங்கே மருந்து தெரியும், நோய் தெரியாது. விசயத்தின் ஒரு பாதி ஒரு கட்டடத்திலும் மற்றப் பாதி இன்னொரு கட்டடத்திலும் கிடக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தைக்கும் வேலையைத்தான் மருந்துக் கண்காணிப்பு என்கிறார்கள்.

பெல்ஜியத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸில் உடம்பு மெலிய வைக்கும் ஒரு கிளினிக்கில் சீன மூலிகை சேர்ந்த மருந்து கொடுத்தார்கள். அதைக் குடித்த இளம் பெண்கள் சிறுநீரகம் செயலிழந்து வரத் தொடங்கினார்கள். ஒரே ஊரில், ஒரே வயதில், இவ்வளவு வேகமாக ஏன் என்று சிறுநீரக மருத்துவர்கள் கேட்டார்கள். எல்லோரும் ஒரே கிளினிக்குக்குப் போனவர்கள் என்று தெரியவந்தது. 1993இல் அதை வெளியிட்டார்கள். பிறகு நூறுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டது தெரிந்தது, சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் பெயர்க் குழப்பம். சீன மொழியில் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்கள். சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்த இன்னொன்று வந்துவிட்டது.

அந்த இனம் எங்களுக்கு அந்நியம் அல்ல. ஆடுதின்னாப்பாளை அந்த இனம். விஷக்கடிக்குப் பேர்போன ஈச்சுரமூலி அந்த இனம். இவற்றில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலத்தை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. புகையிலை இருக்கும் பிரிவு அது. எங்கள் முன்னோர் இதைப் பாவித்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வது இந்த இடத்தில் செல்லாது. நடந்திருந்தாலும் அதை இந்த மூலிகையோடு இணைத்துப் பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை.

வவுனியாவிலும் வட மத்திய மாகாணத்திலும் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோயால் விவசாயிகள் சாகிறார்கள். தண்ணீர், விவசாய இரசாயனம், வெயிலில் உழைப்பு என்று பல கோணங்களில் ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வுகளில் மூலிகைப் பாவனையும் ஒரு கேள்வியாக எழுந்தது. அதுதான் காரணம் என்று எவரும் நிறுவவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இந்த நோயாளிகள் பத்து வருடத்துக்கு முன் என்ன குடிநீர் காய்ச்சிக் குடித்தார்கள் என்று எங்காவது எழுதியிருந்தால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருக்கலாம். எழுதாததால் மூலிகையைக் குற்றவாளிக் கூண்டிலும் ஏற்ற முடியவில்லை, விடுதலை செய்யவும் முடியவில்லை.

சீந்தில் பற்றி நடக்கும் சண்டையும் இதே இடத்தில்தான் நிற்கிறது. கொவிட் காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கு என்று இந்தியா முழுக்கச் சீந்திலைக் குடித்தார்கள். மும்பையில் 2020இன் கடைசி மாதங்களில், சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை ஈரல் நோய் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். அடுத்து 13 மருத்துவ நிலையங்களில் இருந்து 43 நோயாளிகளின் விபரம் வெளியானது. இந்திய ஆயுஷ் அமைச்சு மறுத்தது. அவர்கள் குடித்தது உண்மையில் சீந்திலா, அல்லது அதைப்போலவே இருக்கும் இன்னொரு கொடியா என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்யவில்லை என்பது அமைச்சின் வாதங்களில் ஒன்று. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வி அமைச்சுக்கே திரும்பிப் போகும். சந்தையில் சீந்தில் என்று விற்பது சீந்திலா என்று பார்ப்பது யாருடைய வேலை?

உலோகங்கள் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவில் பொஸ்டன் நகரைச் சுற்றியுள்ள தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைப் பரிசோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. 2008இல் இணையத்தில் வாங்கிய 193ஐப் பரிசோதித்தபோதும் ஐந்தில் ஒரு பங்கு அப்படியே. சித்தர் முறையில் இரசமும் பாஷாணமும் தெரிந்தே சேர்க்கப்படுபவை, சுத்தி செய்து பற்பமாகவும் செந்தூரமாகவும் ஆக்கினால் நஞ்சு நீங்கும் என்பது வைத்தியர்களின் பதில். அப்படியானால் எந்தக் கொட்டிலில், யார், எத்தனை புடம் போட்டார்கள் என்பதே உயிர்நாடியான விசயம் ஆகிவிடுகிறது. கடைத் தூளின் பைக்கற்றில் அது இருப்பதில்லை.

சட்டத்தில் எங்கள் மருந்து எங்கே இருக்கிறது

இங்கிலிஸ் மருந்துகளுக்கு 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையும் இருக்கின்றன. உப்சாலாவிலிருந்து இயங்கும் உலக சுகாதார நிறுவனத்தின் கண்காணிப்புத் திட்டத்தில் இலங்கையும் உறுப்பு நாடு. சுதேச மருந்துகள் வேறு கூரையின் கீழ், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின்படி ஆயுர்வேதத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் ‘ஆயுர்வேதம்’ என்றால் சித்தமும் யுனானியும் தேசிய சிகிச்சையும் அதற்குள் அடங்கும் என்று வரைவிலக்கணம் சொல்கிறது. சித்த மருத்துவம் சட்டத்தில் இன்னொன்றின் பெயருக்குள் ஒளிந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேச வேறு கட்டுரை வேண்டும்.

1961இல் எழுதிய சட்டத்தின் அக்கறை யார் வைத்தியர், எது ஆஸ்பத்திரி, எந்தச் செய்முறை ஏற்புடையது என்பதில்தான் பெரும்பாலும் இருந்தது. அது அந்தக் காலத்தின் நியாயம். தலிடோமைட் குளிசையால் கை கால் வளராத குழந்தைகள் பிறந்த செய்தி அப்போதுதான் உலகை எட்டிக்கொண்டிருந்தது. பிரித்தானியா ‘மஞ்சள் அட்டை’ முறையைக் கொண்டுவந்ததே 1964இல்தான். இன்று அந்த அட்டையில் மூலிகை மருந்தைப் பற்றியும் எழுதலாம், டொக்டர் மட்டுமல்ல நோயாளியே எழுதலாம். இதன் விசித்திரத்தைப் பாருங்கள். பருத்தித்துறையில் வாங்கிய லேகியத்தைச் சாப்பிட்டு லண்டனில் மகளுக்கு வருத்தம் வந்தால் அவள் அங்கே முறைப்பாடு செய்யலாம். அதே லேகியத்தைப் பருத்தித்துறையில் சாப்பிட்ட தாய்க்கு அப்படி ஓர் அட்டை வீட்டுக்கு எட்டிய தூரத்தில் இல்லை.

சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்குக் கேகாலைப் பாணி சாட்சி. 2020 டிசம்பரில், தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி கொவிட்டைத் தடுக்கும் என்று ஒருவர் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர், நோய் பரவும் நேரத்தில், நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. தென்னிலங்கையைப் பார்த்து நாங்கள் நன்றாகச் சிரித்தோம். இங்கேயும் வட்ஸ்அப்பில் எத்தனை கசாயக் குறிப்புகள் சுற்றின என்பதை மறந்துவிட்டுத்தான் சிரித்தோம்.

மாகாண மட்டத்தில் என்ன செய்யலாம்? 13ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் சுதேச மருத்துவம் இருக்கிறது. ஆனால் அங்கே எழுதியிருப்பது வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் அமைப்பதும், மூலிகைத் தோட்டம் வைப்பதும்தான். மருந்தின் தரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பில். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சி. வழக்கமாக எங்கள் கட்டுரைகள் இந்த வசனத்தோடு பெருமூச்சு விட்டு முடியும். இந்த விசயத்தில் முடியாது. ஏனென்றால் மாகாண சுதேச மருத்துவத் திணைக்களத்தின் வைத்தியசாலைகளில் ஒரு பதிவுப் புத்தகம் வைத்து, மருந்து எடுத்தவருக்கு வந்த எதிர்பாராத விளைவை எழுதுவதற்கு எந்த அரசியலமைப்புத் திருத்தமும் தேவையில்லை. கொப்பியும் பேனையும் போதும்.

அதில் எழுத வேண்டியது மிகக் கொஞ்சம். உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட குறைந்தபட்சம் நான்கு விபரம்: அடையாளம் காணக்கூடிய ஒரு நோயாளி, அறிவிக்கும் ஒருவர், சந்தேகத்துக்குரிய மருந்து, நடந்த விளைவு. நிரூபணம் தேவையில்லை. சந்தேகம் போதும். ‘நிச்சயம்’, ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’, ‘இருக்காது’ என்று தரம்பிரிப்பது பின்னால் வரும் வேலை. மருந்தை நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி எடுத்ததும் திரும்பி வந்ததா, வேறு குளிசையும் எடுத்தாரா என்று பார்த்துத்தான் அதைச் செய்வார்கள். ஒரு தனி முறைப்பாடு எதையும் நிறுவாது. ஒரே தூளைப் பற்றிச் சாவகச்சேரியில் ஒன்று, சங்கானையில் ஒன்று, கிளிநொச்சியில் ஒன்று என்று வந்தால் அப்போது நிமிர்ந்து உட்கார வேண்டும்.

சித்தத்துக்கு இது புதிதல்ல

இந்தப் பேச்சை எடுத்தவுடன் சில வைத்தியர்கள் முகம் சுளித்தார்கள். ‘இங்கிலிஸ் வைத்தியத்தின் அளவுகோலை எங்கள் மீது வைக்கிறீர்கள்’ என்றார் ஒருவர். ஆனால் பத்தியம், அனுபானம், சுத்தி, முறிவு ஆகிய சொற்களை யோசித்துப் பாருங்கள். மருந்து தீங்கு செய்யக்கூடும் என்று தெரிந்த ஒரு மரபுதான் இந்தச் சொற்களை உண்டாக்கியிருக்கும். எந்த உணவோடு சேரக்கூடாது, எதோடு கொடுத்தால் தணியும், எப்படி நஞ்சு நீக்குவது, பிழைத்தால் எதனால் முறிப்பது என்பவை எல்லாம் பாதுகாப்புப் பற்றிய அறிவுதான். ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் செகராசசேகரமும் பரராசசேகரமும் ஏட்டில் எழுதப்பட்டதால்தான் எங்களுக்குக் கிடைத்தன. எழுதுவது இந்த மரபின் பழக்கம்.

பத்தியம் சொன்ன காலத்தில் நோயாளி மெற்போமின் குளிசையும் வார்ஃபரினும் எடுக்கவில்லை என்பது மட்டுமே புதிது. சீனிக் குளிசையோடு பாகற்காய்ச் சாற்றைத் தினம் குடித்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடலாம். அதிமதுரத்தை நீண்ட நாள் கூடுதலாக எடுத்தால் பிரசர் ஏறும், இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். சிங்களத்தில் பிலிங் என்று சொல்லும் புளிப்புக் காயின் சாற்றைக் கொலஸ்ரரோல் குறைய என்று குடித்து, கேரளத்தில் பத்துப் பேர் சிறுநீரகம் பாதித்து வந்ததை 2013இல் பதிவுசெய்திருக்கிறார்கள். கறியில் போட்டால் ஒன்றுமில்லை. டம்ளர் கணக்கில் சாறாகக் குடித்ததுதான் வினை. இவை எதுவும் அந்தக் காயையோ வேரையோ கெட்டதாக்காது. குறிஞ்சா இலை வறையை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை.

தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. இந்தியாவில் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளுக்கான கண்காணிப்புத் திட்டம் 2008இல் தொடங்கி, தூங்கி, 2017-18இல் நிதியோடு மறுபடி எழும்பியது. டெல்லியில் ஒருங்கிணைப்பு மையம், அதன் கீழ் ஐந்து இடைநிலை மையங்கள். சித்தத்துக்கு உரியது தாம்பரம். அதில் ஆயிரம் குறை சொல்லலாம். கூட்டங்களும் விளம்பரங்களைப் பிடிப்பதும் கூட, நோயாளியிடம் இருந்து வரும் அறிக்கை குறைவு என்ற விமர்சனம் அங்கேயே உண்டு. ஆனாலும் ஒரு விசயம் தெளிவு. சித்த வைத்தியர்களே சித்த மருந்தின் விளைவுகளைப் பதிவுசெய்வது சித்தத்துக்குத் துரோகம் என்று தாம்பரத்தில் எவரும் கருதவில்லை. கைதடியில் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவக் கல்வியும் போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. தமிழில் ஒரு பக்கப் படிவம், அதை வாங்கி வைக்கும் ஒருவர், வருடத்துக்கு ஒரு முறை வெளியிடும் ஒரு சிறு அறிக்கை. இதைத் தொடங்க அதைவிடப் பொருத்தமான இடம் வடக்கில் இல்லை.

இதில் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் குடாநாட்டுக்குள் மருந்து வருவது கொழும்பின் அனுமதியையும் செஞ்சிலுவைக் கப்பலையும் நம்பி இருந்தது. அப்போது காய்ச்சலுக்கும் புண்ணுக்கும் முறிவுக்கும் பரியாரியார்தான் இருந்தார். வேப்பம்பட்டையும் மஞ்சளும் நொச்சியும் இருந்தன. பாதுகாப்பு வலயம் என்று அடைத்த ஊர்களில் இருந்து இடம்பெயர்ந்த பரம்பரை வைத்தியர்கள் எண்ணெய்ச் சட்டியையும் ஏட்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள், போன இடத்தில் ஓலைக் கொட்டிலில் எலும்பு கட்டினார்கள். அந்த நன்றிக்கடன் பெரியது. அதனால்தான் நாட்டு மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் இனத்தைப் பற்றிக் கேட்டது போலச் சுடுகிறது.

ஆனால் அந்த நம்பிக்கையை இன்று யார் அறுவடை செய்கிறார்கள் என்று பாருங்கள். ஓலைக் கொட்டிலில் இருந்தவர்களின் பிள்ளைகள் அல்ல. யூடியூப்பில் சீனி வருத்தத்தை 40 நாளில் மாற்றுகிறேன் என்பவரும், யார் செய்தது என்று தெரியாத தூளைப் பைக்கற்றில் அடைப்பவரும்தான். வாடிக்கையாளர் யார்? உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்பவர்கள், பொய்க்கால் உரசிப் புண் ஆறாதவர்கள், வருடக்கணக்கில் நித்திரை இல்லாதவர்கள். கிளினிக்கில் காலை ஐந்து மணிக்கு இலக்கம் எடுத்து, மதியம் இரண்டு நிமிசம் டொக்டரைக் காண்பவர்கள். அந்த இரண்டு நிமிசத்தில் கேட்காத காதை, தூள் விற்பவர் அரை மணித்தியாலம் கொடுக்கிறார். இதைச் சொல்லாமல் சனங்களின் ‘மூடநம்பிக்கை’ பற்றிப் பேசும் டொக்டர்மாரோடு எனக்கு உடன்பாடில்லை.

கிளினிக்கில் கேட்கும் விதமும் மாற வேண்டும். “வேறு மருந்து ஏதும் குடிக்கிறீங்களோ?” என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள், அதில் குற்றச்சாட்டு இருக்கிறது. “வேறு என்ன மருந்து, எண்ணெய், கசாயம் பாவிக்கிறீங்கள்?” என்று எல்லோரும் பாவிப்பதுதான் என்ற தொனியில் கேட்டால் சொல்வார்கள். இளம் டொக்டர் ஒருவர் இப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு நோயாளிகள் போத்தலையே பையில் கொண்டுவருகிறார்கள் என்றார். அந்தப் பதிலைக் கிளினிக் கொப்பியில் ஒரு வரியாக எழுதினால் போதும். சித்த வைத்தியரும் அதே கொப்பியை வாங்கிப் பார்த்து, தான் கொடுப்பதை அதில் ஒரு வரி எழுதலாம்.

படிவம் வரும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. தூளோ எண்ணெயோ முடிந்தாலும் பைக்கற்றையும் கொஞ்ச மருந்தையும் வைத்திருங்கள். எங்கே, எப்போது வாங்கியது, எப்போது தொடங்கியது என்று கலண்டரில் குறித்துவையுங்கள். கண் மஞ்சளானால், சிறுநீர் கடுமையாக நிறம் மாறினால், குறைந்தால், முகமோ காலோ ஊதினால் உடனே வைத்தியசாலைக்குப் போய், கேட்காவிட்டாலும் மருந்தைக் காட்டுங்கள். பரியாரியார் தந்ததென்றால் அவரிடமும் போய்ச் சொல்லுங்கள், அவருக்கும் அது தெரிய வேண்டும். வலிக்கென்று ஒரு தூளை மாதக்கணக்கில் எடுத்து வந்து, அது அதிசயமாக வேலை செய்கிறது என்றால், அதைத் தானாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். பைக்கற்றோடு டொக்டரிடம் போய், இதற்குள் ஸ்ரீரொயிட் இருக்குமோ என்று கேளுங்கள்.